அழகுக்கு வரைந்த எல்லை

அமெரிக்காவின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ 28 விழுக்காடு அந்நாட்டு நடுவண் அரசுக்குச் சொந்தம். ஏக்கர் கணக்கில் 64 கோடி. இந்தியாவின் பரப்பில் முக்கால் பங்குக்கும் கூடுதல். இதில் பெரும்பகுதியை நான்கு துறைகள் பங்கிட்டு நிர்வகிக்கின்றன. நில மேலாண்மைப் பணியகத்திடம் 24.5 கோடி ஏக்கர், வனச் சேவையிடம் 19.3 கோடி, மீன் மற்றும் வனவிலங்குச் சேவையிடம் 8.9 கோடி, தேசியப் பூங்காச் சேவையிடம் சுமார் 8 கோடி ஏக்கர் இருக்கின்றன. அமெரிக்க இயற்கை என்றதும் நம் நினைவுக்கு வரும் காட்சிகள், அதாவது யோசெமிட்டியின் செங்குத்துப் பாறைகள், கிராண்ட் கேன்யனின் செந்நிற அடுக்குகள், யெல்லோஸ்டோனில் பீறிட்டெழும் வெந்நீர் ஆகியவை எல்லாம், நான்கிலும் சிறியதான பூங்காச் சேவையின் பங்கில் இருப்பவை. பெரும் பங்கை வைத்திருக்கும் பணியகத்தின் நிலம் பெரும்பாலும் வறண்ட புதர்க்காடு. சுற்றுலாப் பயணிகள் அதை ஒரு பூங்காவிலிருந்து இன்னொரு பூங்காவுக்குப் போகும் வழியில் கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி.

பயணிகள் தேடிப்போகும் விலங்குகளுக்கோ இந்தக் கணக்கு தலைகீழ். வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்கள் சந்திக்கும் யெல்லோஸ்டோன் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அமெரிக்கா முதலில் காப்பாற்றியது காட்சியை. அந்தக் காட்சிக்குள் திரியும் உயிர்கள் பிழைப்பதும் சாவதும் யாரும் பார்க்க வராத நிலத்தில்தான் முடிவாகின்றன. ஒன்றரை நூற்றாண்டு வரலாறு, காட்சிக்காகப் போட்ட எல்லையை உயிர்களுக்காகத் திரும்பத் திரும்பத் திருத்திய வரலாறு.

ஓவியமும் சட்டமும்

1871 கோடையில் ஃபெர்டினாண்ட் ஹேடன் என்ற புவியியலாளர் அரசுச் செலவில் ஓர் ஆய்வுக்குழுவை யெல்லோஸ்டோனுக்கு அழைத்துச் சென்றார். குழுவில் தாமஸ் மோரன் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகைப்படக்காரரும் இருந்தார்கள். மஞ்சள் பாறைப் பள்ளத்தாக்கையும் அதில் விழும் அருவியையும் மோரன் நீர்வண்ணத்தில் தீட்டினார். வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசைக்கு இந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன. 1872 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட, சுமார் 22 லட்சம் ஏக்கர் பரப்பில் உலகின் முதல் தேசியப் பூங்கா உருவானது. மோரன் பிறகு தீட்டிய பெரிய எண்ணெய் ஓவியத்தை நாடாளுமன்றம் 10,000 டாலர் கொடுத்து வாங்கியது.

பூங்காவின் முதல் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பெட்டி தெரியும். ஆற்று வடிநிலம், மலைத்தொடர் எதையும் அந்தக் கோடுகள் பொருட்படுத்தவில்லை. அப்போது தெரிந்திருந்த வெந்நீர் ஊற்றுகளோடு இனிமேல் கண்டுபிடிக்கப்படக்கூடியவையும் உள்ளே அடங்கட்டும் என்ற எண்ணத்தில் போடப்பட்ட கோடுகள் அவை. அந்த உயரத்தில் விவசாயம் நடக்காது, குடியேறிகள் யாருக்கும் இழப்பில்லை என்பது மசோதாவை ஆதரித்தவர்களின் வாதங்களில் ஒன்று. வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் ரண்டி 1979இல் வெளியிட்ட நூலில் இதிலிருந்து ஒரு கோட்பாட்டையே வகுத்தார்: பொருளாதாரப் பயன் இல்லை என்று கருதப்பட்ட நிலம்தான் தேசியப் பூங்காவானது. எல்லாப் பூங்காக்களுக்கும் இது பொருந்துமா என்பதில் விவாதம் உண்டு. யெல்லோஸ்டோனுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

விலங்குகளின் கோணத்தில் இதன் விளைவைப் பார்க்க வேண்டும். பூங்காவின் சராசரி உயரம் ஏறத்தாழ 2,400 மீட்டர். கோடையில் புல் செழித்து நிற்கும். எல்க் மானும் பைசனும் மேலே ஏறி மேயும். குளிர்காலத்தில் பனி ஆளுயரம் குவியும்போது அவை தாழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இறங்கியாக வேண்டும். காற்று பனியை அடித்துச் செல்லும் அந்தப் பள்ளத்தாக்குகளில் மண்ணும் தண்ணீரும் நன்றாக இருந்ததால் பண்ணைக்காரர்கள் அங்கேதான் குடியேறினார்கள். பூங்கா விலங்குகளுக்குக் கிடைத்தது ஆண்டில் பாதிக்கான வீடு.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு படைத்தளபதி. உள்நாட்டுப் போரில் பெயர் பெற்ற பிலிப் ஷெரிடன், 1882இல் அந்தப் பக்கம் பயணம் செய்துவிட்டு, பூங்காவைக் கிழக்கே 40 மைலும் தெற்கே 10 மைலும் நீட்டினால்தான் எல்க் கூட்டங்கள் குளிர்காலத்தைத் தாண்டும் என்று எழுதினார். பூர்வகுடிகள்மீது கடும் போர் நடத்தியவர் விலங்குகளுக்காக வாதாடியது வரலாற்றின் முரண்களில் ஒன்று. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் 1891இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் நாட்டின் முதல் வனக் காப்பு நிலத்தை அறிவித்தபோது, பூங்காவைக் கிழக்கிலும் தெற்கிலும் ஒட்டிய, ஷெரிடன் கேட்டதை ஒத்த பகுதியைத்தான் தேர்ந்தெடுத்தார். இன்றைய தேசிய வனங்கள் அங்கிருந்து தொடங்குகின்றன.

பூங்காவுக்குள்ளும் விலங்குகளுக்குப் பாதுகாப்பு மெதுவாகத்தான் வந்தது. தோலுக்காக எல்க் மான்களை ஆயிரக்கணக்கில் சுட்டுத்தள்ளிய பிறகு, 1883இல் வேட்டைக்குத் தடை வந்தது. மீறினால் தண்டிக்கச் சட்டம் வந்தது 1894இல். பைசன்களைக் கொன்ற ஒரு கள்ள வேட்டைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தும் தண்டிக்க வழியில்லாமல் போன பிறகு. 1886 முதல் 1918 வரை பூங்காவைக் காத்தது குதிரைப்படை. இத்தனைக்குப் பிறகும் 1902இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியிருந்த காட்டுப் பைசன்கள் சுமார் இரண்டு டஜன்.

மலை உள்ளே, பள்ளத்தாக்கு வெளியே

யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே கிராண்ட் டீட்டன். முன்மலைகள் எதுவும் இல்லாமல் பள்ளத்தாக்குத் தரையிலிருந்து நேரே 2,000 மீட்டருக்கும் மேல் எழும்பும் மலைகள். அவற்றின் அடியில் ஜாக்சன் ஹோல் என்ற நீண்ட பள்ளத்தாக்கு, நடுவே வளைந்தோடும் ஸ்னேக் ஆறு. 1929இல் இங்கே தேசியப் பூங்கா அமைத்தபோது மலைகளையும் அவற்றின் காலடியில் இருந்த ஏரிகளையும் மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்கு வெளியே விடப்பட்டது.

அந்தப் பள்ளத்தாக்கின் கதை அதற்கும் முன்பே துயரமாகிவிட்டிருந்தது. 1909 முதல் அடுத்தடுத்து வந்த கொடிய குளிர்காலங்களில் எல்க் மான்கள் பண்ணை வேலிகளின் ஓரத்தில் பட்டினியால் செத்து விழுந்தன. ஸ்டீஃபன் லீக் என்ற உள்ளூர்ப் பண்ணைக்காரர் அந்தப் பிணக்குவியல்களைப் புகைப்படமெடுத்து ஊர் ஊராகக் காட்டினார். மோரனின் ஓவியம் ஒரு பூங்காவைக் கொண்டுவந்தது. லீக்கின் படங்கள் 1912இல் தேசிய எல்க் சரணாலயத்தைக் கொண்டுவந்தன. இன்று அது சுமார் 25,000 ஏக்கர். இழந்த மேய்ச்சலுக்கு ஈடாக அங்கே குளிர்காலத்தில் தீவனம் போடும் பழக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மான்கள் ஒரே இடத்தில் நெருங்கி நின்று தின்பதால் நோய் பரவ வழி ஏற்படுகிறது என்று விஞ்ஞானிகள் எச்சரித்து வந்தார்கள். மூளையை அரித்துக் கொல்லும் நாள்பட்ட மெலிவு நோய் 2020இல் ஜாக்சன் வட்டார எல்க் மானிடம் கண்டறியப்பட்டபோது அந்த எச்சரிக்கைக்குக் கனம் கூடியது. நிலத்தைக் கொடுக்க மனமில்லாமல் வைக்கோலைக் கொடுத்ததன் விலை இது.

பள்ளத்தாக்கைப் பூங்காவோடு சேர்க்க அரசால் முடியாதபோது ஒரு கோடீஸ்வரர் முன்வந்தார். இளைய ஜான் டி. ராக்ஃபெல்லர் 1926இல் அங்கே வந்தபோது சாலையோரக் கடைகளும் மின்கம்பிகளும் மலைக்காட்சியை மறைப்பதைக் கண்டு சங்கடப்பட்டார். தன் பெயர் தெரிந்தால் விலை ஏறும் என்பதால் ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்ற நிறுவனத்தின் பெயரில் சுமார் 35,000 ஏக்கர் பண்ணை நிலத்தை வாங்கிச் சேர்த்தார். விஷயம் வெளியே வந்ததும் உள்ளூரில் கொந்தளிப்பு. அன்பளிப்பாகக் கொடுத்தும் அரசு வாங்கத் தயங்கியது. 1943இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தன் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பள்ளத்தாக்கைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். நடிகர் வாலஸ் பியரி உள்ளிட்ட எதிர்ப்பாளர்கள் துப்பாக்கியும் கையுமாக மாடுகளை நினைவிடத்தின் குறுக்கே ஓட்டிச் சென்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 1950இல் சமரசம் ஏற்பட்டுப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பூங்காவில் இணைந்தது. ராக்ஃபெல்லர் காப்பாற்ற நினைத்தது பார்வையை. அதனால் பிழைத்தது மேய்ச்சல்.

கழுத்துப்பட்டை வரைந்த வரைபடம்

விலங்குகள் எங்கே போகின்றன என்பது வேட்டையாடிகளுக்கும் மேய்ப்பவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்திருந்தது. துல்லியமாகத் தெரிய வானொலிக் கழுத்துப்பட்டை வர வேண்டியிருந்தது. ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் என்ற இரட்டையர் 1959இல் யெல்லோஸ்டோனின் கிரிஸ்லி கரடிகளை ஆராயத் தொடங்கினார்கள். 1961இல் மரியன் என்று பெயரிட்ட பெண் கரடிக்குப் பட்டை மாட்டினார்கள். கரடிகளுக்குப் பூங்கா எல்லை ஒரு பொருட்டே இல்லை என்பதைப் பட்டைகள் காட்டின. பூங்காவையும் சுற்றியுள்ள வனங்களையும் பள்ளத்தாக்குகளையும் ஒரே வாழிடமாகப் பார்க்கவேண்டும் என்ற கருத்து இந்த ஆய்விலிருந்து வலுப்பெற்றது. இன்று ‘பெரும் யெல்லோஸ்டோன்’ என்று அழைக்கப்படும் அந்த வாழிடம் சுமார் 2.2 கோடி ஏக்கர், பூங்காவைப்போலப் பத்து மடங்கு. 1975இல் அழிவின் விளிம்பில் இருந்த கிரிஸ்லி இன்று அங்கே ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியிருக்கிறது.

ஜிபிஎஸ் பட்டைகள் வந்தபின் வரைபடம் இன்னும் கூர்மையானது. தெற்கு வயோமிங்கின் செம்பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் மியூல் மான்கள் வடக்கே ஹோபேக் பள்ளத்தாக்குவரை 240 கி.மீ. நடப்பதை உயிரியலாளர் ஹால் சாயர் கண்டறிந்தார். வசந்தத்தில் தாழ்நிலத்தில் முதலில் தளிர் விடும். வெப்பம் ஏற ஏற, பச்சை மலைமேல் ஏறும். மான்கள் அந்தத் தளிரின் பின்னாலேயே போகின்றன. தங்கித் தின்று, நகர்ந்து, மறுபடி தங்கித் தின்று. 2016இல் பட்டை மாட்டப்பட்ட 255 என்ற எண்ணுள்ள பெண் மான் ஹோபேக்கில் நிற்காமல் ஐடஹோவின் ஐலண்ட் பார்க் வரை 390 கி.மீ. போய் எல்லோரையும் அசர வைத்தது. தேசிய வனம், பணியக நிலம், மாநில நிலம், தனியார் பண்ணை எல்லாவற்றையும் இந்த மான்கள் கடக்கின்றன. வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட வேலிகள்.

வேலியின் பொருள் என்ன என்பதை ப்ராங்ஹார்னைப் பார்த்தால் புரியும். மான்போலத் தெரிந்தாலும் இது மான் குடும்பம் இல்லை. தன் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே இனம். மணிக்கு 85 கி.மீ. வேகத்தைத் தாண்டும். இன்று இதைத் துரத்தும் எந்த விலங்குக்கும் அவ்வளவு வேகம் கிடையாது. பனியுகத்தில் வாழ்ந்து மறைந்த அமெரிக்கச் சிறுத்தைகளிடமிருந்து தப்பியோடிப் பெற்ற வேகம் இது என்பது உயிரியலாளர் ஜான் பையர்ஸின் விளக்கம். இத்தனை வேகம் இருந்தும் மூன்றடி வேலியைத் தாண்டத் தயங்கும். மரமற்ற வெளியில் பரிணமித்ததால் தாவிக் குதிக்கும் பழக்கம் அதற்கு ஏறக்குறைய இல்லை. வேலியை நெருங்கியதும் நின்று, இடமும் வலமுமாக அலைந்து, கீழ்க்கம்பிக்கு அடியில் இடைவெளி தேடும். கிடைத்தால் முன்னங்காலை மடித்து, வயிற்றைத் தரையோடு அழுத்தி நுழையும். கம்பி முள்கம்பியாக இருந்தால் முதுகு மயிர் கொத்துக்கொத்தாய் உதிரும்; காயத்தில் பனி ஏறும். கீழ்க்கம்பியைத் தரையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உயர்த்தி, அதை முள்ளில்லாத வெறும் கம்பியாக மாற்றினால் போதும், விலங்கு போய்விடும். வயோமிங்கில் தன்னார்வலர்களும் பண்ணைக்காரர்களும் செய்துவரும் வேலைகளில் இது முக்கியமானது. இதைவிட மலிவான வனவிலங்குப் பாதுகாப்பைக் காண்பது அரிது.

மாற்றாத வேலி என்ன செய்யும் என்பதற்கு ரெட் ரிம் சாட்சி. ரயில் பாதை போட்ட காலத்தில் கம்பெனிக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு சதுர மைல் துண்டுகளை அரசு வழங்கியதால், தெற்கு வயோமிங்கில் தனியார் நிலமும் பொதுநிலமும் சதுரங்கப் பலகைபோல மாறிமாறிக் கிடக்கின்றன. 1983இல் ஒரு பண்ணையைச் சுற்றி 45 கி.மீ. நீளத்துக்கு வலைவேலி எழுந்தது. உள்ளே அகப்பட்டதில் கிட்டத்தட்ட பாதி பொதுநிலம். அந்தக் குளிர்காலத்தில் பசியோடு வந்த ப்ராங்ஹார்ன் கூட்டம் வேலியில் முட்டிநின்று மடிந்தது. பொதுநிலத்தை வளைத்துப் போடுவதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலியைத் திருத்தியே ஆகவேண்டும் என்று 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. மனிதர்களின் மேய்ச்சல் சண்டைக்காக எழுதிய சட்டம் நூறாண்டு கழித்து விலங்குக்குக் கைகொடுத்தது.

ஆறாயிரம் ஆண்டுப் பாதை

கிராண்ட் டீட்டனில் கோடையைக் கழிக்கும் சில நூறு ப்ராங்ஹார்ன்கள் இலையுதிர்காலத்தில் க்ரோ வான்ட் மலைகளைக் கடந்து கிரீன் ஆற்றுச் சமவெளிக்கு இறங்குகின்றன. சில ஒருவழியில் 240 கி.மீ. வரை போகின்றன. பைன்டேல் ஊருக்கு அருகே ட்ராப்பர்ஸ் பாயின்ட் என்ற இடத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே பாதை ஒரு கி.மீ.க்கும் குறைவாகச் சுருங்குகிறது. அங்கே நடந்த அகழாய்வில் சுமார் 6,000 ஆண்டுக்கு முந்தைய ப்ராங்ஹார்ன் எலும்புகள் கிடைத்தன. கருவிலிருந்த குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கொண்டு, அவை வசந்தகால வலசையின்போது கொல்லப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். இன்றும் அதே பருவத்தில், அதே இடுக்கில் விலங்குகள் வருகின்றன.

இந்த எலும்புகள் பூர்வகுடிகளின் அறிவுக்கும் சான்று. ‘மனிதர் தொடாத இயற்கை’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட இந்த வட்டாரத்தில் ஷோஷோனி, பானக், குரோ, பிளாக்ஃபீட் உள்ளிட்ட மக்கள் வேட்டையாடி வாழ்ந்தார்கள். ஆளில்லா நிலத்தில் வேட்டையாடும் உரிமையை 1868 ஒப்பந்தங்கள் அவர்களில் ஷோஷோனி, பானக், குரோ மக்களுக்கு உறுதி செய்திருந்தன. 1896இல் உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையை அதே நீதிமன்றம் 2019இல்தான் நிராகரித்தது. காட்சிக்காகப் போட்ட அதே கோடு மனிதர்களையும் வெளியே நிறுத்தியது.

2008இல் ப்ராங்ஹார்ன் பாதையின் வனப்பகுதியை பிரிட்ஜர்–டீட்டன் தேசிய வனம் பாதுகாத்தது. நடுவண் நிலத்தில் ஒரு வலசைப் பாதைக்கு இவ்வாறு கிடைத்த முதல் அங்கீகாரம் அது. 2012இல் ட்ராப்பர்ஸ் பாயின்டில் நெடுஞ்சாலைக்கு மேலே இரண்டு பாலங்களும் அருகே ஆறு சுரங்கப்பாதைகளும் கட்டி முடிக்கப்பட்டன. மியூல் மான்கள் சுரங்கத்தில் நுழைந்தன. தொலைவுப் பார்வையை நம்பி வாழும் ப்ராங்ஹார்ன் பாலத்தைத் தேர்ந்தெடுத்தது. வாகன மோதல்கள் பெருமளவு குறைந்தன.

பாதை போய்ச் சேரும் இடம் சேஜ் புதர்வெளி. முழங்கால் உயரம், சாம்பல் பூத்த பச்சை, கசக்கினால் காரமான கற்பூர மணம். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பனிக்கு மேல் தலைநீட்டி, குளிர்காலம் முழுக்க இலையோடு நிற்கும் செடி இது. ப்ராங்ஹார்னின் உயிர் இதில் இருக்கிறது. சேஜ் கிரௌஸ் என்ற பறவைக்குக் குளிர்காலத்தில் வேறு உணவே இல்லை. இந்த நிலத்தின் பெரும்பகுதி நில மேலாண்மைப் பணியகத்துடையது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் பணியகத்துக்கு மேய்ச்சல், சுரங்கம், எரிவாயு, வனவிலங்கு, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் ஒரே நிலத்தில் சமாளிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். இதே சமவெளியில்தான் ஜோனா, பைன்டேல் ஆன்டிக்லைன் எரிவாயு வயல்கள் விரிந்தன. கிணறுகள் பெருகிய இடங்களிலிருந்து மியூல் மான்கள் விலகிப்போனதையும் அவற்றின் எண்ணிக்கை சரிந்ததையும் சாயரின் நீண்டகால ஆய்வு காட்டியது.

கோட்டைத் தாண்டினால்

எல்லையின் உள்ளும் புறமும் ஒரே விலங்குக்கு இரண்டு சட்டம். 1926இல் யெல்லோஸ்டோன் ஓநாய்களை அரசே கொன்று தீர்த்தது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அரசே விட்டது. உள்ளே அவை உலகப் புகழ் பெற்றவை. 2021–22 குளிர்காலத்தில் கோட்டைத் தாண்டிய ஓநாய்களில் 25 வேட்டையில் பலியாயின. பூங்கா ஓநாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

பைசனுக்கு நேர்வது இன்னும் விசித்திரம். 1996–97 குளிர்காலத்தில் பனிக்குத் தப்பி மொன்டானாவுக்குள் இறங்கியவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சுடப்பட்டன அல்லது கசாப்புக்கு அனுப்பப்பட்டன. காரணம், மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய் பற்றிய அச்சம். அந்த நோய் பைசன்களுக்கு மாடுகளிடமிருந்து வந்தது. அண்மைக் காலத்தில் இவ்வட்டார மாடுகளுக்குப் பரவியதெல்லாம் எல்க் மான்களிடமிருந்து என்று தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை சொன்னது. எல்க் எங்கும் நடமாடலாம். பைசனுக்குத்தான் கட்டுப்பாடு.

கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும் வேலையும் நடக்கிறது. ஃப்ரீமான்ட் ஏரிக்கரையில் ஆயிரக்கணக்கான மான்கள் கடக்கும் இடுக்கில் வீட்டுமனையாகவிருந்த 364 ஏக்கரைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று வாங்கிக் காத்தது. கிராண்ட் டீட்டனின் எல்லையோரம் வயோமிங் அரசு பள்ளிக்கூட நிதிக்காக வைத்திருந்த ஒரு சதுர மைல் நிலம் ஏலத்துக்குப் போக இருந்தது. ப்ராங்ஹார்ன் பாதை அதன் வழியாகப் போகிறது. 2024 இறுதியில் பூங்காச் சேவை அதை 10 கோடி டாலருக்கு வாங்கியது. 640 ஏக்கருக்கு 10 கோடி. 1950இலேயே சேர்த்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

2025 ஜூனில் மேற்கு மாநிலங்கள் பதினொன்றில் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் நடுவண் நிலத்தை விற்கும் திட்டம் செனட்டில் முன்வைக்கப்பட்டது. தேசியப் பூங்காக்கள் விற்பனைக்கு வெளியே. பணியக நிலமும் தேசிய வனமும் உள்ளே. 1872இன் தர்க்கம் அப்படியே: கண்ணைக் கவர்வது புனிதம், மற்றது மனைக்கட்டு. எதிர்ப்பில் சூழலியலாளர்களோடு வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்துகொள்ள, மாதம் முடிவதற்குள் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. அவர்களைத் திரட்டியது புகழ்பெற்ற அருவி எதுவும் இல்லை. தாங்கள் எல்க் மானைப் பின்தொடர்ந்து நடந்த, வரைபடத்தில் பெயர்கூட இல்லாத புதர்மேடுகள்தான்.

அடுத்த விற்பனைத் திட்டம் வரும்போதும் ஒவ்வொரு ஏக்கருக்கும் விலை கேட்கப்படும். பார்க்க அழகாக இருக்கிறதா என்பது அப்போது எழும் முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. மார்ச் மாதத்தில் அங்கே பனி எவ்வளவு ஆழம், எந்த விலங்கு அதன்மேல் நடக்கிறது, அடுத்த வேலி எத்தனை தூரம் என்று கேட்கவேண்டும். பட்டை மாட்டிய விலங்குகள் இந்தக் கேள்விகளுக்குப் பதிலைக் கொடுத்துவிட்டன. இனி அறியாமையைக் காரணம் காட்ட எந்தத் துறைக்கும் இடமில்லை.